ஆய்வகம் இருந்ததா?

மின்சாரம் இரவு ஒன்றுக்கு வரும், நாலுக்குப் போய்விடும்.
காரிபா அணையில் தண்ணீர் இறங்க இறங்க
எனக்குப் பாடம் குறையும்.
அந்த மூன்று மணி நேரத்தில் லுசாக்கா மொத்தமும் எழுந்து
துணி தேய்க்கிறது, மாவு கிண்டுகிறது.
நான் விண்ணப்பம் நிரப்புகிறேன்.

பெயர்: சோல்வே ஹமூங்கா.
தற்போது படிக்கும் பல்கலைக்கழகம்:
பெயர் உண்டு, வாசல் கிடையாது.
முகவரிக் கட்டத்தின் தலையில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விடக்கூடாதாம்.
தேடித் தேடிக் கடைசியில்
கலிஃபோர்னியாவில் ஒரு தபால் பெட்டி எண் கிடைத்தது.
இரண்டரை வருடமாக
அதற்குள்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

முத்திரையிட்டு மூடிய உறையில்
மதிப்பெண் பட்டியல் வேண்டும் என்றது ஓஹையோ.
எங்கள் கல்லூரியில் உறையும் இல்லை, மூடும் கையும் இல்லை.
ஒரு சுட்டி அனுப்புவார்கள்,
முப்பது நாளில் செத்துப்போகும்.
திறக்கவேண்டியவர் விடுப்பில் இருந்தார்.
செத்தது.
இன்னொன்றுக்குப் பதினைந்து டாலர்:
பெட்ரோல் பங்கில் நான் ஐந்து நாள் குழாய் பிடித்த கூலி.

அடுத்த பக்கம்: வேதியியல். ஆய்வகம் இருந்ததா?

இருந்தது.
கரியடுப்பில் சிவப்பு முட்டைக்கோசை வேகவைத்து
அந்த நீரை ஏழு ஜாம் புட்டிகளில் ஊற்றினேன்.
எலுமிச்சை விட்டதில் ரோஜா நிறம்.
சோப்புத் தண்ணீர் விட்டதில் பச்சை.
என் தம்பி மியோபா, எதற்கும் வாய் பிளக்காதவன்,
புட்டியைச் சன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு
‘இன்னொன்று செய், இன்னொன்று’ என்றான்.
கோசை மறுநாள் உப்புப் போட்டுத் தின்றோம்.

கட்டங்கள் இரண்டுதான்: ஆம், இல்லை.
கை ஆம் பக்கம் போய்விட்டுத் திரும்பி
இல்லையைத் தொட்டது.

பரிந்துரைக் கடிதம்
பேராசிரியர் மாரித் கொஸ்கெலா எழுதினார்.
ஃபின்லாந்துக்காரர். அவர் குரலை நான் கேட்டதில்லை,
என் முகத்தை அவர் பார்த்ததில்லை.
நான் அனுப்பிய நாற்பது கட்டுரைகளின்
முற்றுப்புள்ளி பிசகுவது வரை தெரியும் அவருக்கு.
அனுப்புமுன் ஒரு முறை பார் என்று பிரதி வந்தது.
‘அவன் அயராதவன்.
விடை சரி என்று சொன்ன பிறகும்
அவன் கேட்பதை நிறுத்துவதில்லை.’

அவன்.
எங்கள் டோங்கா மொழியில் சோல்வே என்றால் அதிர்ஷ்டம்.
ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.
அம்மா எனக்கு வைத்தாள்.

கெடுவுக்கு இரண்டு நாள்.
ஃபின்லாந்தில் அப்போது நல்ல தூக்கம்.
திருத்தச் சொல்லி எழுதினேன், அழித்தேன்.
உண்மையைச் சொன்னால்
அந்த அவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.
பங்கில் யாரும் அவனிடம்
‘ஏம்மா, கணக்கு தெரியுமா?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள்.
அனுப்புங்கள் என்றேன்.

பதினோரு வாரம்.

‘அன்புள்ள திரு. ஹமூங்கா,
தங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்கிறோம்.
தங்களின் அறுபத்தெட்டுப் புள்ளிகளில்
முப்பத்தொன்று ஏற்கப்படுகிறது.
வேதியியல்: பூஜ்யம்.’

மியோபாவை உலுக்கி எழுப்பினேன்.
வாசித்துவிட்டு, ‘யார் இந்தத் திரு?’ என்றான்.
பாஸ்போர்ட்டில் பெண் என்றிருக்கிறது.
தூதரக சன்னலில் யார் போய் நிற்பது?
மீதி முப்பத்தேழை யாரிடம் கேட்பது?
பதில் எழுத உட்கார்ந்தேன்.
‘ஐயா, இரண்டு திருத்தங்கள்.
ஒன்று, நான் பெண்.
இரண்டு, ஆய்வகம் இருந்தது’

நாலு மணி.
தெரு முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.

ஆறுக்குப் பங்கில் முதல் லாரி,
எண்பது லிட்டர் என்றார் ஓட்டுநர்.
குழாயைச் செருகிவிட்டு
வழக்கம்போல மீட்டரைக் காட்டினேன்.
பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள்.